முண்டியெருமை என்றே அச்சடி

தினேஷ்,

நீ பஸ்ஸில் போட்டுவிட்ட கல்யாணப் பத்திரிகைக் கட்டு இரண்டும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. இரண்டையும் அடுப்பில் போட்டுவிட்டேன். ஆத்திரத்தில் செய்ததாக நினைக்காதே. ஒரு நாள் முழுக்க மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் காலையில் கடை அடுப்பு மூட்டும்போது நிதானமாக ஐந்தைந்தாக எடுத்துப் போட்டேன். வாசலில் ஜீப் துடைத்துக்கொண்டிருந்த உங்கப்பா ஓடி வந்து, "ஏய், மஞ்சத் தடவுன பத்திரிகைடி. எரிக்கக் கூடாது, அவசகுனம்" என்றார். "பொய்க்கு மஞ்சத் தடவுனதுதான் அவசகுனம்" என்றேன். கெட்டி அட்டை, நன்றாகவே எரிந்தது. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன்மா" என்று வைத்துவிடுவாய். காகிதம் என்றால் வைக்க முடியாது. உட்கார்ந்து படி.

பத்திரிகையில் எங்கள் இரண்டு பேரின் பெயருக்கும் பக்கத்தில் "மூணாறு" என்று போட்டிருக்கிறாய். மூணாறு நம் வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். என் வாழ்நாளில் நான் அங்கே போனது நாலே தடவை. அங்கே எனக்கு ஒரு குடம் தண்ணீர் கொடுக்க ஆள் கிடையாது. நம் ஊரின் பெயர் முண்டியெருமை. ரேஷன் கார்டில் அதுதான் இருக்கிறது. உன் பிறப்புச் சான்றிதழில் அதுதான் இருக்கிறது. என் மகன் கல்யாணப் பத்திரிகையில் மட்டும் அது இருக்கக் கூடாதா?

சிரிப்பான பெயர் இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்த மலையில் ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ தெரியாது. அந்தப் பக்கம் ராஜகுமாரி என்று ஓர் ஊர், அதையடுத்து சேனாபதி என்று ஓர் ஊர். இந்தப் பக்கம் பாம்பாடும்பாறை, ஆனைவிலாசம், தூக்குப்பாலம். ஒருத்திக்கு மகுடம், ஒருவனுக்குப் படை, நமக்கு மட்டும் எருமை. காட்டெருமை முண்டிக்கொண்டு வந்த இடம் என்று ஒருவர் சொல்வார், அதெல்லாம் இல்லை, வேறு ஏதோ சொல் திரிந்துபோனது என்று இன்னொருவர் சொல்வார். எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது கண்டக்டர்தான். கல்யாணம் முடிந்து தேவாரத்திலிருந்து வந்த புதிதில், கம்பம்மெட்டு ஏறி வருகிற பஸ்ஸில் அவர் டிக்கெட் பையைத் தட்டிக்கொண்டே "முண்டியெருமை ஆரா? முண்டியெருமை ஆரா?" என்று கேட்டுக்கொண்டு வருவார். அதற்கு நான் கையைத் தூக்க வேண்டும். பஸ் நிறைய நம் பக்கத்து ஆட்கள், தமிழ் தெரிந்தவர்கள். முதல் தடவை நான் கை தூக்கியதும் பின்சீட்டில் ஒருவர், "பாத்தாத் தெரியலையே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த தடவையிலிருந்து நான் தூக்குப்பாலத்துக்கு டிக்கெட் எடுத்து இறங்கி, மீதி தூரம் சாமானோடு நடந்து வர ஆரம்பித்தேன். இரண்டு வருடம் அப்படி நடந்தேன். ஆகவே ஒளித்தது நீ மட்டும் இல்லை, உனக்கு முன்னால் ஒளித்தவள் நான். இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்திருக்கிறேன். நீ மறந்திருப்பாய் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். மறந்திருக்க மாட்டாய். நீ கம்பத்தில் ஹாஸ்டலில் தங்கி எட்டாவது படித்தபோது, ஹெட்மாஸ்டர் வரச் சொன்னதாகத் தகவல் வந்து நான் ஓடி வந்தேன். வகுப்பில் தினமும் உன் பெயரைக் கூப்பிடும்போது நாலைந்து பேர் எருமை மாதிரிக் கத்தியிருக்கிறார்கள். ஒரு நாள் நீ ஜாமெட்ரி பாக்ஸால் ஒருவன் மூக்கில் அடித்துவிட்டாய். சட்டையெல்லாம் ரத்தம். உன்னை வகுப்பு முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தேன். அதுகூடச் சரி, அடித்தது தப்பு. ஆனால் உன் வாத்தியார் என்னைப் பார்த்து, "எருமை ஊருல இருந்து வந்தா முட்டத்தானம்மா செய்யும்" என்று சொல்லிச் சிரித்தாரே, அப்போது நானும் சிரித்தேன். பெரிய மனிதர் சிரிக்கிறார், கூடச் சிரிக்காவிட்டால் உன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவாரோ என்ற பயம். நீ என் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாய். அன்றைக்கு உன்னை வீட்டுக்குக் கூட்டி வரும்போது பஸ்ஸில், "இனிமே யாராச்சும் கேட்டா மூணாறுன்னு சொல்லிக்கிறேன்மா" என்றாய். "சரிய்யா, சொல்லிக்கோ" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் இன்றைக்குத் தங்க எழுத்தில் அச்சாகி, பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்திருக்கிறது. அதனால்தான் எரிக்கும் உரிமை எனக்கு இருக்கிறது என்கிறேன்.

நம் பீட்சாக் கடை வந்த கதைக்கு வருகிறேன். நீ பத்தாவது பாஸ் செய்த அன்று என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, டிவியில் பார்த்த அந்த வட்ட ரொட்டி என்றாய். நெடுங்கண்டத்தில் ஒரு பேக்கரிக்குக் கூட்டிப்போனோம். பன்னைத் தட்டி, தக்காளி சாஸைப் பூசி, மேலே கோஸைத் தூவிக் கொடுத்தார்கள். உங்கப்பா ஒரு வாய் தின்றுவிட்டு, "இதுக்கு நம்ம வீட்டுத் தோசை சோடையில்ல" என்றார். நீ மட்டும் விரலை நக்கினாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் நீ வந்தால் ஒரு புதுக் கடை. கட்டப்பனையில் மாடிப்படி ஏறிப்போனால் ஒரு கடை, அங்கே காளான் நிறையப் போடுவார்கள். ராஜாக்காட்டில் ஒரு அம்மா தன் வீட்டு முன்னறையில் தோசைக்கல்லைக் கவிழ்த்து மூடிச் சுட்டுக் கொடுத்தார், அடி கருகினாலும் அந்த ருசியை நான் மறக்கவில்லை. குமுளியில் வெளிநாட்டுக்காரர்கள் வருகிற கடையில்தான் விறகு அடுப்பை முதலில் பார்த்தோம். நான் தட்டைவிட்டு எழுந்து போய் அடுப்பு வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன், நீ வெட்கப்பட்டு என் முந்தானையை இழுத்தாய். ஜீப்பில் திரும்பி வரும்போது உங்கப்பா சொல்வார்: "ராஜகுமாரியப் பாத்துட்டு, சேனாபதிகிட்டச் சொல்லிட்டு, எருமைகிட்ட வந்து படுத்துக்கிட்டோம்." நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். அந்தச் சிரிப்பில் வெட்கம் இல்லை. நான் கூடவே இருந்தேன், எனக்குத் தெரியும்.

எனக்கு இடுப்பு வலி வந்து தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கப் போக முடியாமல் ஆனபோது, கடை போடலாம் என்று நான் சொன்னதற்கு முதலில் கை தட்டியவன் நீதான். ராமக்கல்மேட்டுக்குப் போகிற வண்டியெல்லாம் நம் வாசல் வழியாகத்தானே போகிறது. உங்கப்பா செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய முதல் அடுப்பு வெடித்துப்போனது, இரண்டாவது புகைந்தே செத்தது, மூன்றாவது நின்றது. தோட்டத்தில் நிழல் மரத்தைக் கவாத்து செய்து வெட்டிப்போடுகிற கிளைகள்தான் விறகு. மழைக்காலக் குளிரில் மாவு பொங்காது. உங்கப்பா சவாரி முடிந்து வந்ததும் சூடாக இருக்கிற ஜீப் பானெட்டின்மேல் மாவுப் பாத்திரத்தை வைத்துக் கம்பளியால் மூடுவேன், முக்கால் மணி நேரத்தில் பொங்கி நிற்கும். பலகையில் பெயர்கள் எழுதியதும் நீதானே? இனிப்புச் சோளம் போட்டது ராஜகுமாரி, மிளகுக் கோழி சேனாபதி, காந்தாரி மிளகாய் போட்டது பாம்பாடும்பாறை, நாலு பேர் தின்கிற பெரியது ஆனைவிலாசம். பிய்த்தால் சீஸ் அந்தக் கைக்கும் இந்தக் கைக்கும் நடுவில் தொங்குகிறதே, அதற்குத் தூக்குப்பாலம். இத்தனையும் எழுதிவிட்டு, கடைக்கு மட்டும் "மூணாறு பீட்சா" என்று வைக்கச் சொன்னாய். நான் "முண்டியெருமை பீட்சா" என்று வைத்தேன். அன்றைக்கு நீ சாப்பிடாமல் பஸ் ஏறிப்போனாய்.

வீம்புக்கு வைத்தேன் என்று இன்றுவரை நினைக்கிறாய். வீம்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வீம்புக்குப் பின்னால் ஒரு வேலையும் செய்தேன். பீட்சாவில் போடுகிற சீஸை முதன்முதலில் இத்தாலிக்காரர்கள் எருமைப் பாலில்தான் செய்தார்கள் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கம்பம்மெட்டுப் பக்கம் எருமை வைத்திருக்கிற ஒரு வீட்டில் பால் வாங்கி வந்து, வினிகர் ஊற்றித் திரித்து, வெந்நீரில் போட்டு இழுத்துப் பார்த்தேன். முதலில் பனீராகப் போனது. பிறகு ரப்பராகப் போனது. விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் பட்டு மாதிரி இழுபட்டு வந்தது. தக்காளி, ரெண்டு துளசி, அந்தச் சீஸ், அவ்வளவுதான். அதற்கு முண்டியெருமை என்றே பெயர் வைத்தேன். நம் கடையில் அதிகம் போவது அதுதான். நீ இன்னும் ஒரு துண்டுகூடத் தின்று பார்க்கவில்லை.

இதெல்லாம் இப்படி இருக்க, நீ கட்டப் போகிற நிவேதாவின் அப்பா அம்மா எங்களைப் பார்க்க வர வேண்டும் என்றதும் நீ மூணாறில் ஒரு ரிசார்ட்டில் அறை போட்டாய். "அங்கேயே எல்லாரும் சந்திச்சிரலாம்மா, கடையப் பத்தி இப்ப வேண்டாம், ஊரப் பத்தியும் வேண்டாம்" என்றாய். நான் தலையாட்டினேன். அது என் மூன்றாவது தப்பு. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அந்தப் புல்தரையில் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய அப்பா எவ்வளவு மரியாதையாக, "உங்க ஊடு இங்க பக்கத்துலதானுங்களா?" என்று கேட்டார். "பக்கந்தாங்க" என்றேன். நீ எல்லோருக்கும் பீட்சா வரவழைத்தாய். நடுவில் வேகவே இல்லை, மாவு பல்லில் ஒட்டியது. அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பிடிச்சிருக்குங்களா அத்தை?" என்று கேட்டாள். அடுப்புச் சூடு பத்தவில்லை என்று சொல்லத் துடித்தேன். "நல்லாருக்கும்மா" என்றேன். திரும்பி வரும் வழியில் பூப்பாறை தாண்டியதும் உங்கப்பா ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டு, "நம்ம பிள்ளைக்கு நம்மளப் பாத்தா வெக்கமா?" என்று மட்டும் கேட்டார்.

போன சனிக்கிழமை நடந்தது உனக்குத் தெரியாது. மதியம் ஒரு கார் வந்து நின்றது. நாலு பெண்கள், ராமக்கல்மேடு பார்க்க வந்தவர்கள். கடைப் பெயரைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். போன் வரைபடத்தில் இந்தப் பெயரைப் பார்த்துச் சிரிப்புத் தாங்காமல்தான் வண்டியைத் திருப்பியிருக்கிறார்கள். பலகைக்குக் கீழே நின்று போட்டோ எடுத்தார்கள். நான் முழங்கைவரை மாவோடு அடுப்புப் பக்கம் நின்றிருந்தேன். போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். நிவேதா. அவள் கையிலிருந்த போன் அப்படியே கீழே இறங்கியது.

"அத்தை, நீங்களா? இங்க என்ன பண்றீங்க?"

ஓடி ஒளிய ஒரு நொடி எனக்கு இருந்தது. யாருடைய கடைக்கோ உதவிக்கு வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். தூக்குப்பாலத்தில் இறங்கி நடந்தவள்தானே நான், பொய் எனக்குப் பழக்கந்தான். ஆனால் முடியவில்லை. "இது என் கடைம்மா. இதுதான் எங்க ஊரு. பின்னாடி தெரியுதே ஓட்டு வீடு, அதுலதான் தினேஷ் பொறந்தான்" என்றேன். அவளுடைய தோழிகள் சத்தமில்லாமல் ஒரு மேசையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள். "அப்ப மூணாறுல பார்த்தது?" என்றாள். "வாடகை அறைம்மா. நானும் கூட இருந்துதான் பொய் சொன்னேன். அவனை மட்டும் குத்தம் சொல்லாத, என்னையும் சேத்துச் சொல்லு" என்றேன்.

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. கடைக்குள் வந்து பலகையை மேலிருந்து கீழாகப் படித்தாள். பிறகு, "அந்தக் கடைசி ஒண்ணு குடுங்க" என்றாள். நான் தட்டிச் சுட்டு வைத்த முண்டியெருமையை முழுதாகத் தின்றாள். தின்று முடித்துவிட்டுத்தான் கண்ணைத் துடைத்தாள். "இந்த மாதிரி ஒரு பீட்சா நான் கோயமுத்தூர்ல தின்னதில்லைங்கத்தை. இதைப் போயி எதுக்கு மறைச்சாரு? ஊர் பேரைச் சொன்னா நான் சிரிச்சிருப்பேன், உண்மைதான். சிரிச்சுட்டுக் கூடவே வந்திருப்பேனே" என்றாள். கிளம்பும்போது என் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் அவர்கிட்ட எதுவும் கேக்கப் போறதில்லை. அவரா சொல்றாரான்னு பார்க்கறேன்." அதற்குப் பிறகு தினமும் அவளோடு பேசியிருப்பாய். ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதிலாக மூணாறு என்று அச்சடித்து அனுப்பினாய்.

பத்திரிகையை எரித்த அன்று மதியம் அவளுடைய அப்பாவுக்கு நானே போன் போட்டேன். உங்கப்பா வேண்டாம் என்றார், கல்யாணம் நின்றுபோகும் என்றார். "நின்னா நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போட்டேன். ஊர் பெயரைச் சொன்னேன். ஏலக்காய் எடுத்ததைச் சொன்னேன். கடையைச் சொன்னேன். அன்றைக்குப் "பக்கந்தாங்க" என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "எங்கூரு பேரு தெரியுங்களா உங்களுக்கு?" என்று கேட்டார். "கோயமுத்தூருன்னு சொன்னீங்க" என்றேன். "அது பொழைக்க வந்த ஊருங்க. பொறந்தது எருத்தேம்பதி, பாலக்காட்டுக் கிழக்கால, கொழிஞ்சாம்பாறைகிட்ட. காலேஜுல என்னைய எருதுன்னேதான் கூப்புட்டானுங்க. நானும் முப்பது வருசமா கோயமுத்தூருன்னுதான் சொல்லிட்டிருக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவர் குரல் மாறிவிட்டது. "பேருக்குக் கோவமில்லீங்க. ஆனா பெத்தவங்களைக் கொண்டாந்து வாடகைப் புல்லுல உக்கார வெச்சானே, நாளைக்கு என்ர புள்ளைய எங்க உக்கார வெப்பான்? அதை அவன்தான் வந்து அவகிட்டச் சொல்லோணும். அவ என்ன சொல்றாளோ அதுதானுங்க எங்களுக்கும்" என்றார். சரியாகச் சொன்னார்.

உனக்குக் கோபம் வரும். "என் வாழ்க்கையை நீ கெடுத்துட்ட" என்பாய். சொல்லிக்கொள். ஒரு முறை உன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடக் கூடாதென்று பயந்து சிரித்தேன், அந்தப் பயத்தில் உன்னை இவ்வளவு தூரம் வளைத்துவிட்டேன். இனி பயப்பட மாட்டேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது. யாருக்காகவும் என் ஊர் பெயரை முழுங்க எனக்கு இனி நேரம் இல்லை. கடையை மூட மாட்டேன், பலகையை இறக்க மாட்டேன், உன் கல்யாண மேடையில் வேறு ஊர்க்காரியாக நிற்க மாட்டேன். கட்டப் போகிற பெண்ணிடம் உன்னைப் பற்றி எதை மறைக்கிறாயோ, அதை ஆயுசு முழுக்கக் காவல் காக்க வேண்டியிருக்கும். இரண்டு வருடம் சாமானைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் சொல்கிறேன், அது வீண் சுமை.

நிவேதாவோடும் பேசிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் இங்கே வருகிறாள். நீயும் வா. கம்பம் வழியாக வா, பஸ்ஸில் வா, டிக்கெட்டை முண்டியெருமைக்கு எடு. அவள் எதிரில் உட்கார்ந்து நடந்ததை உன் வாயால் சொல். நான் பக்கத்தில் வந்து உட்கார மாட்டேன், உனக்காக ஒரு சொல் எடுத்துக் கொடுக்க மாட்டேன். அவள் சரி என்று சொன்னால் பத்திரிகையைத் திரும்ப அச்சடிப்போம், முண்டியெருமை என்று பெரிய எழுத்தில். வேண்டாம் என்று சொன்னால் அது அவள் உரிமை. அவளைக் குறைவாக ஒரு வார்த்தை பேச இந்த வீட்டில் யாரையும் விட மாட்டேன், உன்னையும் சேர்த்துத்தான்.

அம்மா